சண்டை நடுவில் திறன் விதி குழம்பினால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்வது எப்படி

பல வருடமாக மேசையில் பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர ஆட்டங்களுக்கு கேம் மாஸ்டராக, அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்தி விதித் தீர்ப்பும் சொல்கிறவராக, உட்கார்ந்து வருகிறேன். ஆட்டம் நின்றுபோன இடங்களை யோசித்துப் பார்த்தால், கதை புரியாமல் நின்றது குறைவு. சண்டையில் யாரோ ஒரு திறனைப் பயன்படுத்த, "இது இப்படி வேலை செய்யாதே" என்று இன்னொருவர் சொல்ல, நாலு பேரும் நாலு பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்து நின்றதுதான் அதிகம். வருகிற சச்சரவுகளும் பெரும்பாலும் அதே ஏழெட்டுதான். அதனால் அறிகுறி வாரியாகப் பிரித்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், அதை இங்கே விரித்து எழுதுகிறேன். உதாரணங்கள் எல்லாம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பிலிருந்து, நான் அதிகம் நடத்தியது அதுதான். வேறு சிஸ்டம் ஆடுகிறவர்களும் சோதனைகளைப் பயன்படுத்தலாம், பெயர்கள்தான் மாறும்.

இந்த வேலையில் செலவு என்றால் ஆட்டநேரமும் ஆட்டக்காரரின் மனசும். ஒவ்வொரு அறிகுறியிலும் அரை நிமிடத்தில் முடிகிற சோதனை முதலில் வரும், ஒருவருடைய கேரக்டரையே மாற்றச் சொல்லும் அளவுக்குப் போகிற தீர்வு கடைசியில் வரும். அந்த வரிசையைத் தாண்டாதீர்கள்.

## எந்த அறிகுறி என்றாலும் முதலில் இரண்டு சோதனை

முதல் சோதனை: எல்லோர் கையிலும் ஒரே பதிப்பு இருக்கிறதா? ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது, அதன் திருத்திய விதிகள் 2024இல் வந்தன. திறன்களின் பெயர் பெரும்பாலும் அதேதான், உள்ளே இருப்பதுதான் பல இடங்களில் மாறிவிட்டது. 2014 விதியில் கவுன்டர்ஸ்பெல் (அடுத்தவர் மந்திரத்தை அறுக்கும் மந்திரம்) போட்டால் மூன்றாம் நிலையும் அதற்குக் கீழும் உள்ள மந்திரம் தானாகவே அறுந்துவிடும். 2024இல் மந்திரம் போடுகிறவர் கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் உறுதியை வைத்துத் தாக்குப்பிடிக்க முயலும் பகடை) உருட்டுவார், அதில் தோற்றால்தான் மந்திரம் போகும். கிராப்பிள் (எதிரியைப் பிடித்து நிறுத்துவது) முன்பு இருவரும் உருட்டுகிற போட்டி, இப்போது பிடிபடுகிறவர் மட்டும் உருட்டுகிற சேவ். ஹீலிங் போஷன் (காயம் ஆற்றும் மருந்து) குடிப்பது முன்பு ஆக்‌ஷன் (ஒருவர் முறையின் முக்கியச் செயல்), இப்போது போனஸ் ஆக்‌ஷன் (கூடுதல் சிறு செயல்). ஒருவர் பழையதையும் இன்னொருவர் புதியதையும் வைத்துக்கொண்டு வாதாடினால் இருவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும், விடிய விடியப் பேசினாலும் தீராது.

இரண்டாவது சோதனை: மூல வாசகத்தை யாராவது வாய்விட்டுப் படித்தார்களா? கேரக்டர் ஷீட்டில் எழுதியிருக்கும் ஒருவரிச் சுருக்கம், கார்டில் இருப்பது, வீடியோவில் கேட்டது எதுவும் கணக்கில் வராது. முழுப் பத்தியையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், அதுவும் அந்தத் திறனை வைத்திருக்கிறவரையே படிக்கச் சொல்லுங்கள். பாதி வழியில் "ஓ, சரி" என்று அவரே நிறுத்துவதை அவ்வளவு தடவை பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டிலும் தீரவில்லை என்றால் கீழே போங்கள்.

## அறிகுறி: "இதை இப்போ போடலாமா, நேரம் தாண்டிடுச்சா?"

ரியாக்‌ஷன் (ஏதோ ஒன்று நடந்ததற்கு உடனே கொடுக்கும் பதில் செயல்) சச்சரவு. என் மேசையில் அதிகம் வந்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஓர்க் (எதிரி அரக்கன்), ஆட்டக்காரர் ஒருவரின் மந்திரவாதியை வெட்டுகிறது. நான் உருட்டினேன், மொத்தம் 17. அவருடைய ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 14. "படுது, 11 டேமேஜ்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் ஹிட் பாயின்ட்டை (உயிர்ப் புள்ளியை) கழிக்கப் பென்சிலை எடுத்து, பாதி எழுதி, நிறுத்தி, "இருங்க, நான் ஷீல்ட் போடுறேன்" என்றார். ஷீல்ட் என்பது ரியாக்‌ஷனாகப் போடும் தடுப்பு மந்திரம். பக்கத்தில் இருந்தவர் "டேமேஜ் கேட்டப்புறம் போட முடியாது" என்றார். ஆட்டம் நின்றது.

இதில் முதலில் பார்க்க வேண்டியது திறனைத் தூண்டுகிற நிகழ்வு எது என்பதை. ஷீல்டின் வாசகம் தாக்குதல் உங்கள் மேல் பட்டதும் என்கிறது. ஆர்மர் கிளாஸில் 5 கூடும், தூண்டிய அந்தத் தாக்குதலுக்கும் அது சேரும். அதாவது 14 என்பது 19 ஆகிறது, 17 பட்டது படாமல் போகிறது. அப்படியென்றால் போட வேண்டிய நேரம் பட்டது என்று தெரிந்த பிறகு, டேமேஜ் பேச்சு வருவதற்கு முன். அன்றைக்கு அந்த இடைவெளியையே நான் கொடுக்கவில்லை. தவறு என்னுடையது என்பதால் ஷீல்டை அனுமதித்தேன். அன்றிலிருந்து "17, படுதா?" என்று கேட்டு ஒரு மூச்சு நிறுத்தி, அப்புறம்தான் டேமேஜ் பகடையைத் தொடுகிறேன். இந்த ஒரு பழக்கமே ஷீல்ட் சச்சரவுகள் அத்தனையையும் நிறுத்திவிட்டது. கையோடு இன்னொன்று: அந்த 5 அவருடைய அடுத்த டர்ன் (முறை) ஆரம்பம் வரை இருக்கும், அதைப் பலர் அந்த ஒரு அடியோடு மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, முன்னாலா பின்னாலா என்ற கேள்வி. வாசகம் வேறு ஏதும் சொல்லாவிட்டால் ரியாக்‌ஷன் என்பது தூண்டிய நிகழ்வு முடிந்த பிறகு நடப்பது. ரெடி ஆக்‌ஷன் (இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று ஒரு செயலைத் தயாராக வைத்திருப்பது) அப்படித்தான்: "கதவு வழியா வந்தா அம்பு விடுவேன்" என்றால் வந்த பிறகுதான் அம்பு. ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் (விலகிப் போகிற எதிரிக்குக் கொடுக்கும் ஒரு அடி) விதிவிலக்கு, எதிரி உங்கள் எட்டும் தூரத்தைவிட்டு விலகுவதற்குச் சற்று முன் அது நடக்கிறது என்று வாசகத்திலேயே இருக்கிறது. அதனால்தான் சென்டினல் என்ற திறன் இருக்கிறவர் அடித்தால் எதிரி நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. டெலிபோர்ட் ஆனாலும், தண்டர்வேவ் மாதிரி ஏதாவது தள்ளிவிட்டு நகர்ந்தாலும் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் கிடையாது. தன் நடையையோ ஆக்‌ஷனையோ ரியாக்‌ஷனையோ செலவழித்து நகர்ந்தால்தான் உண்டு. அப்புறம் அந்த எதிரி உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் இருட்டில் நடக்கும் சண்டைகளில் அடிக்கடி விட்டுப்போகிறது.

இரண்டு விஷயம் ஒரே நொடியில் நடந்து எது முதலில் என்று குழப்பமா? யாருடைய டர்னில் நடக்கிறதோ அந்தக் கேரக்டரையோ எதிரியையோ ஆடுகிறவர் வரிசையைத் தீர்மானிப்பார். 2017இல் விருப்ப விதியாக வந்தது, 2024 விதிகளில் நேரடியாகவே சேர்ந்துவிட்டது. 2014 மேசைகளும் இதை எடுத்துக்கொள்வது நல்லது.

## அறிகுறி: "இதை ஏற்கெனவே பயன்படுத்திட்டீங்களே"

எண்ணிக்கைச் சச்சரவு. பெரும்பாலும் ஒரே ஒரு காரணம்தான்: டர்ன், ரவுண்டு என்ற இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது. டர்ன் என்பது ஒருவருடைய முறை, எல்லோருடைய டர்னும் ஒரு சுற்று முடிந்தால் ரவுண்டு. ரோக்கின் (மறைந்து தாக்கும் வகைக் கேரக்டரின்) ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் டேமேஜ் டர்னுக்கு ஒருமுறை. தன் டர்னில் ஒன்று போட்டுவிட்டு, எதிரியின் டர்னில் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் கிடைத்து, நிபந்தனைகளும் பொருந்தினால் அங்கேயும் போடலாம். இது ஏமாற்று வேலை இல்லை, விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ரியாக்‌ஷன் ஒன்றுதான், அது தன் அடுத்த டர்ன் ஆரம்பத்தில்தான் திரும்பி வரும். ஆகவே ரோக் எத்தனை எதிரிகளுக்கு நடுவில் நின்றாலும் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று.

இதே வீட்டைச் சேர்ந்த இன்னொரு கோளாறு: ஐந்தாம் நிலை ஃபைட்டர் (போர்வீரர்) ரெடி ஆக்‌ஷனில் தாக்குதலை வைத்துக்கொண்டு, எதிரி வந்ததும் இரண்டு முறை உருட்டுவார். இரண்டாவது அடியைத் தருகிற எக்ஸ்ட்ரா அட்டாக் வாசகத்தைப் படியுங்கள், "உங்கள் டர்னில்" அட்டாக் ஆக்‌ஷன் எடுக்கும்போது என்று இருக்கும். ரெடி வைத்தது நடப்பது வேறொருவர் டர்னில், ஆகவே ஒரே அடி. அந்த இரண்டு சொல்லை விரலால் தொட்டுக் காட்டினால் போதும், விவாதம் வேண்டியதில்லை.

போனஸ் ஆக்‌ஷனில் ஒரு மந்திரமும் ஆக்‌ஷனில் ஒரு மந்திரமும் போடலாமா என்ற கேள்விக்கு 2014இல் விடை: போனஸ் ஆக்‌ஷனில் மந்திரம் போட்டுவிட்டால் அந்த டர்னில் வேறு போடக்கூடியது ஒரு ஆக்‌ஷன் கான்ட்ரிப் (எண்ணிக்கை வரம்பில்லாத எளிய மந்திரம்) மட்டும். 2024இல் இது எளிதாகிவிட்டது, ஒரு டர்னில் ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடுவதற்கான எண்ணிக்கை இருப்பு) செலவழித்துப் போடுகிற மந்திரம் ஒன்றுதான். போனஸ் ஆக்‌ஷன் மந்திரமான மிஸ்டி ஸ்டெப்பையும் ஆக்‌ஷன் மந்திரமான ஃபயர்பாலையும் ஸ்லாட் செலவழித்து ஒரே டர்னில் போடுவது இரண்டிலும் ஆகாது.

எண்ணிக்கை மறந்துபோவதே காரணம் என்றால் விதியைத் தேடாதீர்கள். ரியாக்‌ஷனுக்கு ஒரு வில்லையைக் கையில் கொடுங்கள், பயன்படுத்தினால் நடுமேசையில் வைக்கட்டும், தன் டர்ன் வந்ததும் எடுத்துக்கொள்ளட்டும்.

## அறிகுறி: ஒரே அடி, இருவர் கணக்கில் இரண்டு டேமேஜ்

வரிசையைச் சரிபாருங்கள். கூட்டல் கழித்தல் எல்லாம் முதலில், அப்புறம் ரெசிஸ்டன்ஸால் (தாங்கும் சக்தியால்) பாதி, கடைசியில் வல்னரபிலிட்டியால் (பலவீனத்தால்) இரட்டிப்பு. பின்னம் வந்தால் கீழே இறக்குங்கள். 19 டேமேஜ், கவசத் திறன் 3 குறைக்கிறது, ரெசிஸ்டன்ஸும் இருக்கிறது என்றால் 16, அதில் பாதி 8. பாதியை முதலில் எடுத்தவருக்கு 9, அதில் 3 போய் 6 வந்திருக்கும். மேசையில் கேட்ட இரண்டு எண்களும் 8, 6 மாதிரி இருந்தால் கோளாறு இங்கேதான். ஒரே வகை டேமேஜுக்கு இரண்டு இடத்திலிருந்து ரெசிஸ்டன்ஸ் இருந்தாலும் ஒருமுறைதான் பாதியாகும், கால் ஆகாது.

கிரிட்டிக்கல் (மிகச் சிறப்பாகப் பட்ட அடி) என்றால் டேமேஜ் பகடைகளை இரண்டு மடங்கு உருட்டுகிறோம், கூட்டுகிற எண்ணை ஒருமுறைதான் சேர்க்கிறோம். ஐந்தாம் நிலை ரோக் ரேப்பியரில் (மெல்லிய வாளில்) எட்டு முகப் பகடை ஒன்று, ஸ்னீக் அட்டாக்குக்கு ஆறு முகப் பகடை மூன்று, டெக்ஸ்டெரிட்டிக்கு 4. கிரிட்டிக்கலில் எட்டு முகம் இரண்டு, ஆறு முகம் ஆறு, 4 அப்படியே 4. ஸ்னீக் அட்டாக் பகடைகளும் இரட்டிக்குமா என்று ஒவ்வொரு புது ரோக்கும் தயங்கித் தயங்கிக் கேட்பார், இரட்டிக்கும்.

## அறிகுறி: போனஸ் மேல் போனஸ் ஏறிக்கொண்டே போகிறது

ஒரே பெயர் உள்ள மந்திரமா? இரண்டு கிளெரிக் (அருள் மந்திரம் போடும் கேரக்டர்) ஒருவருக்கே பிளெஸ் போட்டாலும் கூடுதலாகச் சேர்வது நாலு முகப் பகடை ஒன்றுதான். வேறு வேறு பெயரா? பெரும்பாலும் சேரும், ஆர்மர் கிளாஸுக்கு ஷீல்ட் ஆஃப் ஃபெய்த் மந்திரத்தின் 2, ஷீல்டின் 5, கையில் பிடித்த கேடயத்தின் 2 மூன்றும் சேர்ந்து 9. அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) எத்தனை இடத்திலிருந்து வந்தாலும் ஒன்றுதான். ஒரே ஒரு டிஸ்அட்வான்டேஜ் (சிறியதை எடுப்பது) வந்தால் எல்லாம் கழிந்து சாதாரண உருட்டல்.

ஆர்மர் கிளாஸைக் கணக்கிடுகிற சூத்திரங்கள் மட்டும் ஒன்றோடு ஒன்று சேராது. மேஜ் ஆர்மர் மந்திரம் ஒரு சூத்திரம், மங்க்கின் (துறவி வீரரின்) அன்ஆர்மர்டு டிஃபென்ஸ் இன்னொன்று, எதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேரக்டர் ஷீட்டில் எதிர்பாராத பெரிய எண் இருந்தால் இரண்டு சூத்திரம் கலந்திருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

இதே மாதிரி இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு ஆடினால் கேள்வியே வேறு: போனஸ் எந்த வகை? சர்க்கம்ஸ்டன்ஸ், ஐட்டம், ஸ்டேட்டஸ் என்று மூன்று, ஒவ்வொரு வகையிலும் பெரியது ஒன்றுதான் சேரும். வகையைப் பார்த்தால் பத்து விநாடியில் முடிந்துவிடும்.

## அறிகுறி: ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு இருவர் வழக்காடுகிறார்கள்

"தாக்குதல்" என்ற சொல்தான் இதில் பெரிய குற்றவாளி. பேச்சில் எதிரிக்கு வலி கொடுக்கிற எல்லாமே தாக்குதல். விதியில் அப்படி இல்லை, தாக்குதல் உருட்டல் இருந்தால் அது தாக்குதல். ஃபயர்பால் சேவ் கேட்கிறது, உருட்டல் இல்லை, ஆகவே தாக்குதல் இல்லை. 2014இன் கிராப்பிளும் தள்ளுவதும் தாக்குதல் உருட்டல் இல்லாமலே தாக்குதலாக எண்ணப்பட்டவை, அவை தனி.

இதை நெருங்கிப் பார்க்க ஒரு உதாரணம். டிராகன்பார்ன் (டிராகன் வம்ச இனம்) ஒருவர் இன்விசிபிலிட்டி மந்திரத்தில் மறைந்து நிற்கிறார். அங்கிருந்தே நெருப்பை ஊதுகிறார். மறைவு கலையுமா? 2014 வாசகம் தாக்கினாலோ மந்திரம் போட்டாலோ கலையும் என்கிறது. ஊதுவது சேவ் கேட்பது, ஆகவே தாக்குதல் இல்லை. இனத்தின் இயல்பு, ஆகவே மந்திரமும் இல்லை. எழுத்துப்படி கலையாது! அவர் சொன்னது சரி, எதிர்த்து வாதாடியவருக்கு அநியாயமாகப் பட்டதும் நியாயம்தான். 2024இல் டேமேஜ் கொடுத்தாலும் கலையும் என்று சேர்த்துவிட்டார்கள். பழைய விதியில் ஆடுகிற மேசைக்கு என் யோசனை: புதிய வாசகத்தை இந்த ஒரு மந்திரத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அடுத்த சண்டையிலிருந்து. ஊதியவர் எழுத்தை நம்பி ஊதினார், அன்றைக்கு அது செல்லட்டும்.

இந்த மாதிரிச் சச்சரவுக்கு நான் வைத்திருக்கிற சோதனை: அதே சொல் அதே விதிநூலில் வேறெங்கே வருகிறது, அங்கே என்ன பொருளில் வருகிறது? சொற்களஞ்சியப் பகுதியில் அதற்கு வரையறை இருந்தால் அதோடு பேச்சு முடிந்தது. வரையறை இல்லாத சொல் என்றால் பேச்சு வழக்கின் பொருள்தான், அதற்கு மேல் துருவ வேண்டாம். பிறகு, பொது விதியும் குறிப்பிட்ட திறனின் வாசகமும் மோதினால் குறிப்பிட்டதுதான் ஜெயிக்கும், இதை விதிநூலே சொல்கிறது.

## அறிகுறி: வாசகம் தெளிவு, ஆனால் நடப்பது நம்பும்படி இல்லை

கும்மிருட்டில் இரண்டு பேர், யாருக்கும் யாரும் தெரியவில்லை. தெரியாத இலக்கை அடிக்க டிஸ்அட்வான்டேஜ், தன்னைப் பார்க்க முடியாதவரை அடிக்க அட்வான்டேஜ், இரண்டும் கழிந்து பட்டப்பகலில் அடிப்பது போலவே சாதாரண உருட்டல். எல்லோருக்கும் இது தப்பாகத் தெரியும், விதிப்படி இதுதான் சரி. மாற்றுவதற்கு முன் ஒன்று பாருங்கள்: எதிரி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று இவருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் ஒரு கட்டத்தை ஊகித்துத்தான் அடிக்க வேண்டும், ஊகம் தப்பினால் அடியும் தப்பும். இதைச் சரியாக நடத்தினாலே இருட்டுக்கு உரிய பயம் திரும்ப வந்துவிடும், விதியை மாற்ற வேண்டியே வராது.

இன்விசிபிளாக இருப்பவரைப் பார்க்கும் சக்தி உள்ளவருக்கும் 2014 எழுத்துப்படி டிஸ்அட்வான்டேஜ் போகாது. இதை நான் முதல் நாளிலிருந்தே மாற்றித்தான் ஆடினேன், 2024இல் அவர்களும் மாற்றிவிட்டார்கள்.

## அறிகுறி: ஒரே ஆள், ஒரே உத்தி, எல்லாச் சண்டையும் முடிந்துவிடுகிறது

முதலில் அது விதிப்படி நடக்கிறதா என்று எண்ணுங்கள்: எத்தனை ஆக்‌ஷன், எத்தனை ஸ்லாட், கான்சன்ட்ரேஷன் (கவனம் வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டிய மந்திரம், ஒரு நேரத்தில் ஒன்றுதான்) ஒன்றுக்கு மேல் ஓடுகிறதா. "நம்ப முடியாத" உத்திகளில் பல, கான்சன்ட்ரேஷன் மந்திரம் இரண்டு ஒரே நேரத்தில் ஓடுவதால்தான் பலிக்கின்றன. கான்சன்ட்ரேஷன் கலையாமல் இருக்க ஒவ்வொரு அடிக்கும் தனித்தனி சேவ் கேட்கிறீர்களா என்றும் பாருங்கள், இலக்கு 10 அல்லது வாங்கிய டேமேஜில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது.

அடுத்து, விதியில் இல்லாத உலக நியாயத்தை நடுவில் சேர்த்திருக்கிறாரா? நூறு பேரை வரிசையில் நிறுத்தி ரெடி ஆக்‌ஷனில் ஒரு கம்பைக் கைமாற்றினால் ஆறு விநாடி ரவுண்டுக்குள் அது கடைசி ஆளிடம் போய்விடும், சரி. அந்த வேகத்துக்கு டேமேஜ் கேட்டால் விதியில் அப்படி ஒரு கணக்கே இல்லை, கம்பை எறிந்ததற்கு உள்ள டேமேஜ்தான். விதி ஒரு பாதியும் இயற்பியல் மறு பாதியுமாக எடுத்துக்கொள்ள விடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் சப்பென்று ஆகிறதா? முதலில் உங்கள் சண்டைகளை மாற்றுங்கள், ஒரே பெரிய எதிரிக்குப் பதில் சிதறி நிற்கும் பலர், ஓய்வுக்கு முன் இரண்டாவது சண்டை. இரண்டு மூன்று அமர்வுக்கும் தீராவிட்டால் மட்டும் அந்த ஆட்டக்காரரிடம் தனியாகப் பேசுங்கள். திறனைக் குறைக்கப் போகிறீர்கள் என்றால் கேரக்டரை மறுபடி அமைத்துக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள். பல மாதம் யோசித்துக் கட்டியதை ஒரு வாரத்தில் வெட்டிவிட்டு அவர் உற்சாகமாக ஆட வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை.

## அறிகுறி: போன வாரம் ஒரு தீர்ப்பு, இந்த வாரம் வேறொன்று

இதற்கு ஒரே காரணம் எழுதி வைக்காதது. இரண்டு நிமிடம் தேடியும் விடை கிடைக்காவிட்டால் நான் ஒரு தற்காலிகத் தீர்ப்பு சொல்லிவிட்டு ஆட்டத்தை ஓட்டுவேன், சந்தேகத்தின் பலன் ஆட்டக்காரருக்கு. ஒரு கேரக்டரின் உயிர் அந்தத் தீர்ப்பில் தொங்கினால் மட்டும் இரண்டு நிமிட வரம்பு கிடையாது, எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்து தேடுவோம். நோட்டில் தேதி, திறன், தீர்ப்பு, "தற்காலிகம்" அல்லது "முடிவு" என்று ஒரு வரி. அடுத்த அமர்வு தொடங்கும்போது அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் பகடையை எடுப்பது.

## எப்போது வெளியே கேட்க வேண்டும்

இரண்டு வாசகங்கள் நேருக்கு நேர் மோதும்போது, அல்லது ஒரே திறன் மூன்றாவது அமர்விலும் ஆட்டத்தை நிறுத்தும்போது. அதுவும் ஆட்டம் முடிந்த பிறகு. முதலில் அதிகாரபூர்வப் பிழைதிருத்தப் பட்டியல், உங்கள் அச்சு வந்த பிறகு வாசகமே மாறியிருக்கலாம். அடுத்து சேஜ் அட்வைஸ், வெளியீட்டாளரின் அதிகாரபூர்வக் கேள்வி-பதில் தொகுப்பு. வடிவமைப்பாளர்கள் சமூக ஊடகத்தில் போட்ட பதில்கள் உதவும், ஆனால் தொகுப்பில் ஏறாதவரை அவை அதிகாரபூர்வத் தீர்ப்பு இல்லை. கடைசியாக, அனுபவமுள்ள வேறொரு கேம் மாஸ்டர். கேட்கும்போது யார் என்ன பக்கம் என்று சொல்லாமல் வாசகத்தையும் நிலைமையையும் மட்டும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் எந்த விதிநூலும் தொகுப்பும் உதவாது. எந்தத் திறனாக இருந்தாலும் அதே இரண்டு பேர்தான் மோதிக்கொள்கிறார்கள், விடை கிடைத்தாலும் அடுத்த டர்னில் வேறொன்று கிளம்புகிறது என்றால் புரட்டுவதை நிறுத்திவிடுங்கள். ஆட்டம் இல்லாத ஒரு நாளில் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "மேசையில் உங்களுக்கு என்ன குறையாக இருக்கிறது?" என்று கேளுங்கள். எனக்கு ஒருமுறை வந்த பதில்: "என் டர்ன் வரும்போது யாருமே கவனிக்கறதில்ல."